மேற்குக் கோபுரத்துச் சம்சாரி

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுர வாசலில் பட்டினத்தார் இருக்கிறார். மேற்குக் கோபுர வாசலில் பத்திரகிரியார். ஒருவர் குரு, மற்றவர் அவருடைய சீடர். இருவருக்கும் நடுவில் பிராகாரங்கள், மண்டபங்கள், கொடிமரம், கருவறை என்று கோயில் முழுவதும் கிடக்கிறது. குருவும் சீடரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைத்தான் படங்களில் பார்த்திருக்கிறோம். எங்கள் ஊரில் மட்டும் ஏன் இப்படி ஆளுக்கொரு வாசலில் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. இந்த ஊரில் பிறந்து, இங்கேயே தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வருஷந்தோறும் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போய், அந்த வாசலில் நிறுத்தித்தான் இந்தக் கதையைச் சொல்வேன்.

பத்திரகிரியார் உச்சயினியை ஆண்ட அரசர் என்பது வழக்கு. செய்யாத திருட்டுக்காகப் பட்டினத்தாரைக் கழுவில் ஏற்றச் சொன்னவர் அவர். பட்டினத்தார் பாட, கழுமரம் எரிந்து போயிற்று. அதைக் கண்ட அரசர், நாட்டை விட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தார். இருவரும் திருவிடைமருதூர் வந்து சேர்ந்தார்கள். குரு கீழ வாசலில் அமர்ந்தார். சீடர் தெருத்தெருவாகப் பிச்சை எடுத்து, குருவுக்குக் கொடுத்த பிறகு மிச்சத்தைத் தாம் உண்டு, மேல வாசலில் கிடந்தார். சோற்றுக்காக ஒரு நாய் அவரோடு ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் சிவபெருமான் பிச்சைக்காரராகக் கீழ வாசலுக்கு வந்து பசிக்கிறது என்றார். பட்டினத்தார், "நான் ஒன்றுமில்லாதவன். மேலக் கோபுர வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேள்" என்று அனுப்பிவிட்டார்.

அரசைத் துறந்தவரைச் சம்சாரி என்று சொன்னால் எப்படி இருக்கும்? கையில் இருந்த திருவோடும் காலடியில் கிடந்த நாயும்தான் தம்மைச் சம்சாரியாக்கின என்று பத்திரகிரியாருக்குப் புரிந்தது. ஓட்டை வீசி எறிந்தார். அது நாயின் தலையில் பட்டு, ஓடும் உடைந்தது, நாயும் செத்தது.

இந்த இடத்தில் பிள்ளைகள் முகம் மாறிவிடும். ஒரு வருஷம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "நாய் என்ன டீச்சர் பண்ணுச்சு?" என்று அழுதேவிட்டாள். அவள் அழுததில் தப்பே இல்லை. கதையும் அந்த நாயைக் கைவிடவில்லை. அது காசி அரசனுக்கு மகளாகப் பிறந்து, முற்பிறவி நினைவோடு பத்திரகிரியாரைத் தேடி இதே ஊருக்கு வந்தது. அவர் அந்தப் பெண்ணைக் குருவிடம் கூட்டிக்கொண்டு போனார். அப்போது தோன்றிய சோதியில் சீடரும் அந்தப் பெண்ணும் கலந்துவிட்டார்கள். குரு நின்றுவிட்டார். தமக்கு இன்னும் வேளை வரவில்லையே என்று ஏங்கி, ஊர் ஊராகத் திரிந்து, கடைசியில் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் அடங்கினார் என்கிறார்கள். அவருடைய சமாதிக் கோயில் இன்றும் அங்கே கடற்கரையில் இருக்கிறது.

சீடர் முந்திக்கொண்டு போய்விட்டார் என்பதை நம் கதைசொல்லிகள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் இந்தக் கதையின் உயிர். தம்மிடம் வந்தவனின் கையில் கடைசியாக என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, அதைத் தட்டிவிட்டார் பட்டினத்தார். அந்த ஓட்டிலிருந்துதான் அவருக்கே தினமும் சோறு வந்துகொண்டிருந்தது. அது உடைந்தால் தம் வயிறும் காயும் என்று தெரிந்துதான் அந்த வார்த்தையைச் சொன்னார். ஒரு குருவை எதை வைத்து அறிவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: சீடனிடமிருந்து தனக்கு வரும் சோற்றைப் பற்றி அவருக்குக் கவலை உண்டா என்று பாருங்கள்.

பட்டினத்தாருக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதுவும் எங்கள் ஊரிலிருந்துதான் போயிருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வைத்து வணிகம் செய்த திருவெண்காடர் அவர். பிள்ளை இல்லை. திருவிடைமருதூரில் சிவசருமர் என்ற ஏழை அந்தணர், மருதமரத்தடியில் கிடைத்த குழந்தையை இறைவன் சொன்னபடி அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மருதூர் ஈசன் பெயரையே தாங்கிய மருதவாணன் வளர்ந்து, கடல் வணிகத்துக்குப் போய், பொன்னுக்குப் பதிலாக எருமுட்டையும் தவிடுமாக மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து இறக்கினான். தகப்பன் கோபப்பட்டார். மகன் ஒரு பேழையை வைத்துவிட்டு மறைந்துபோனான். திறந்தால் உள்ளே காது அறுந்த ஓர் ஊசியும் ஓலை நறுக்கும். சாகும்போது அந்த உதவாத ஊசியைக்கூட எடுத்துப் போக முடியாது என்பதை ஓலை சொல்லிற்று. அன்றே அத்தனை சொத்தையும் விட்டு வெளியேறினார். மகன் வடிவில் வந்த குரு, தகப்பனுக்குத் தந்த உபதேசம் அந்த ஊசி.

பதினோராம் திருமுறையில் பாடல்கள் உள்ள பட்டினத்தாரும், சித்தர் வரிசையில் வைக்கப்படும் பட்டினத்தாரும் வேறு வேறு காலத்தவர் என்று தமிழறிஞர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். மக்களின் நினைவு இருவரையும் ஒருவராக்கிக்கொண்டது. நான் சொல்வது அந்த நினைவில் வாழும் பட்டினத்தாரை.

குரு என்றவுடன் நரைத்த தாடியும் முதுமையும் நம் மனத்தில் வந்துவிடுகின்றன. நம் சைவக் கதைகள் இந்தப் படத்தை ஒப்புக்கொள்வதே இல்லை. எங்களுக்கு மேற்கே, கும்பகோணம் தாண்டிச் சுவாமிமலையில், பிள்ளை முருகன் தகப்பன் சிவனுக்கே பிரணவப் பொருள் சொன்னான். சொல்லும்போது தகப்பன் கைகட்டி வாய்பொத்திக் கேட்க வேண்டியிருந்தது. சைவ சித்தாந்தத்தின் தலைநூலான சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள். அதைத் தந்த மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்த சிறுபிள்ளை. அந்தக் குடும்பத்தின் குலகுருவோ, எல்லா ஆகமங்களும் கற்றவர் என்று பெயர் வாங்கிய முதியவர். தம் மாணவர்கள் ஒரு குழந்தையிடம் பாடம் கேட்கப் போகிறார்களாமே என்று பார்க்க வந்தார். ஆணவத்தின் உருவம் எப்படியிருக்கும் என்று கேட்டார். பிள்ளை பதில் சொல்லவில்லை. நின்றுகொண்டிருந்தவரைத் தலை முதல் கால் வரை விரலால் சுட்டிக் காட்டியது. அந்த முதியவர் அங்கேயே காலில் விழுந்தார். அவர்தான் அருணந்தி சிவாசாரியார். பிறகு சிவஞான சித்தியார் எழுதி, குருவின் பன்னிரண்டு சூத்திரங்களையும் உலகம் புரிந்துகொள்ள விரித்துக் கொடுத்தவர் அவரே.

பல்லக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022-இல் தருமபுரம் ஆதீனத் தலைவரைப் பல்லக்கில் சுமந்து வரும் பட்டினப் பிரவேசத்துக்கு முதலில் தடை வந்தது, பிறகு தடை விலகி மே மாதம் அது நடந்தது. மனிதனை மனிதன் சுமக்கலாமா என்று ஒரு பக்கம். எங்கள் குருவை நாங்கள் விரும்பிச் சுமக்கிறோம், உங்களுக்கென்ன என்று மறுபக்கம். தேநீர்க் கடை வரை அன்றைக்கு அதுதான் பேச்சு. எனக்குப் பெரியபுராணத்தின் இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். திருப்பூந்துருத்திக்கு ஞானசம்பந்தர் சிவிகையில் வருகிறார். முதியவரான நாவுக்கரசர் கூட்டத்துக்குள் புகுந்து, யாரும் அறியாமல் தோள் கொடுக்கிறார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்க, உம்மைத் தாங்கும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்று கீழிருந்து குரல் வருகிறது. சம்பந்தர் பதறிக் கீழே குதித்து வணங்குகிறார். தோள் கொடுத்தவரின் அன்பை நான் மதிக்கிறேன். என் மனம் குதித்த பிள்ளையிடம்தான் போகிறது. தம்மைச் சுமப்பது யார் என்று தெரிந்த பிறகு ஒரு கணம்கூட அவரால் மேலே இருக்க முடியவில்லை.

சைவத்தில் பல்லக்கிலிருந்து குதித்த இன்னொருவர் உமாபதி சிவம். தில்லைவாழ் அந்தணர். பூசை முடித்து, பகலிலேயே பந்தம் பிடிக்க, பல்லக்கில் வந்துகொண்டிருந்தார். திண்ணையில் இருந்த மறைஞானசம்பந்தர் என்ற ஞானி, செத்த மரத்தின் மேல் பகல் வெளிச்சத்தில் கண் தெரியாத ஒருவர் போகிறார் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். உமாபதி இறங்கி அவர் பின்னால் ஓடினார். மறைஞானசம்பந்தர் திரும்பிப் பார்க்காமல் நெசவாளர் தெருவுக்குள் போய், பாவுக்குப் போட வைத்திருந்த கஞ்சியைக் கையேந்தி வாங்கிக் குடித்தார். முழங்கை வழியே வழிந்ததைக் கீழே ஏந்திக் குடித்தார் உமாபதி. பக்கத்து ஊரான திருபுவனம் பட்டு நெசவுக்குப் பேர்போனது, அதனால் பாவுக்குக் கஞ்சி என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குடிக்கக் காய்ச்சியது இல்லை அது. அந்த மிடறுக்காக அவருடைய இனத்தார் அவரை விலக்கி வைத்தார்கள். கலங்காமல் கொற்றவன்குடியில் இருந்துகொண்டு எட்டு நூல்கள் எழுதினார். அவற்றில் ஒன்றான சங்கற்ப நிராகரணத்தில் அவரே குறித்திருக்கும் சக ஆண்டுக் கணக்கை வைத்து 1313 என்று அதன் காலத்தைச் சொல்கிறார்கள்.

மெய்கண்டார், அருணந்தி, மறைஞானசம்பந்தர், உமாபதி. சந்தான குரவர் நால்வர் என்று சைவர்கள் நாள்தோறும் வணங்குவது இவர்களைத்தான். இந்த நால்வரில் இரண்டு பேரால், தங்களிடமிருந்த மதிப்பைக் கீழே போட்ட பிறகே சீடராக முடிந்தது.

கடவுள் இருக்கும்போது குரு எதற்கு என்ற கேள்வி வகுப்பில் தவறாமல் வரும். உமாபதி சிவம் திருவருட்பயனில் இதற்கு வேடன் ஒருவனை வைத்துப் பதில் சொல்கிறார். மானைப் பிடிக்கப் போகிறவன் பழக்கிய மான் ஒன்றைக் காட்டில் விடுவான். தன் இனம் என்று நம்பி மற்ற மான்கள் அருகில் வரும். இறைவனும் மனித உயிர்களைப் பிடிக்க மனிதத் தோலைப் போர்த்துக்கொண்டு வருகிறான், உலகம் அதைத் தெரிந்துகொள்வதில்லை. சைவ சித்தாந்தத்தில் குரு என்பவர் இதுதான். மாணிக்கவாசகருக்குத் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் அமர்ந்திருந்தவர் அப்படி வந்தவரே. குதிரை வாங்க அரசன் கொடுத்த பணத்தோடு போன அமைச்சர், அந்த மரத்தடியில் நின்றுவிட்டார்.

இறைவனே வருகிறான் என்றால், எந்த மனிதரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடலாமா? கூடாது என்பதற்காகத்தான் மரபு வரிசையாக வேலிகளைப் போட்டு வைத்தது. தீட்சை என்பது ஒரே நாளில் முடியும் சடங்கு இல்லை. முதலில் சமய தீட்சை. ஆகம முறையில், சீடன் கண்ணைத் துணியால் கட்டிக் கூட்டி வந்து, கையில் பூவைக் கொடுத்துத் தூவச் சொல்லி, பிறகு கட்டை அவிழ்ப்பார்கள். ஐந்தெழுத்தும் அன்றாடம் செய்யும் அனுட்டானமும் அப்போது கிடைக்கும். பிறகு விசேட தீட்சை. சிவபூசையைத் தானே எடுத்துச் செய்யும் உரிமை அதனால் வரும். நிர்வாண தீட்சை வினைக்கட்டை அறுப்பதற்கு. இத்தனையும் கடந்து, ஆசாரிய அபிடேகம் ஆனவர் மட்டுமே இன்னொருவருக்குத் தீட்சை தர முடியும். அப்படித் தருபவருக்கும் ஒரு குரு உண்டு, அவருக்கு முன்னும் ஒருவர். திருவாவடுதுறையானாலும் தருமபுரமானாலும், இப்போதிருக்கும் குருமகா சந்நிதானம் எத்தனையாவது பட்டம் என்று மடத்துச் சமையல்காரரும் சொல்வார். தானே முளைத்த குரு என்று இந்த வரிசையில் ஒருவரும் இல்லை.

எனக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்த ஓதுவார் ஐயா இதில் மிகவும் கண்டிப்பானவர். சின்ன வயதில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் எங்களை உட்காரவைத்துப் பண் சொல்லித்தருவார். இடைமருதூரைச் சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவருமே பாடியிருப்பதால், எங்கள் ஊர்ப் பதிகங்களையே முதலில் பாடம் பண்ண வைப்பார். ஒருமுறை என் அம்மா தட்டில் பழமும் பாக்கும் வைத்து, "எங்க பாப்பாவுக்கு நீங்கதான் குரு" என்றாள். அவர் தட்டைத் தொடாமல், "நான் வாத்தியாரும்மா. பாட்டு சொல்லித் தர்றவன். குரு வேற. அந்தப் பேரை எனக்குக் குடுத்துட்டா, உங்க பொண்ணு தேடுறதை நிறுத்திடுவா" என்றார். பிறகு பழத்தை எடுத்து எங்கள் எல்லோருக்கும் பங்கிட்டார். வித்தை தருபவர் வித்தியாகுரு, தீட்சை தருபவர் தீட்சாகுரு, அறியாமையை அறுப்பவர் ஞானகுரு என்று மடத்துப் புத்தகங்களில் பின்னாளில் படித்தபோது, அன்றைய தட்டுதான் எனக்குக் கண்முன் வந்தது.

ஞானகுரு வந்துவிட்டார் என்று எப்படித் தெரியும்? குமரகுருபரருக்கு இதற்கு ஒரு தெளிவான அடையாளம் சொல்லப்பட்டிருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, ஐந்து வயது வரை பேச்சு வராமல், திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியவர் அவர். எவர் முன்னால் உன் வாக்குத் தடைப்படுகிறதோ அவரே உன் குரு என்பது அவருக்குக் கிடைத்த வாக்கு. 17-ஆம் நூற்றாண்டில், தருமபுரத்தின் நான்காம் பட்டமான மாசிலாமணி தேசிகரிடம் வந்து நின்றார். தேசிகர் பெரியபுராணத்தில் ஒரு பாட்டுக்கு அனுபவப் பொருள் கேட்டார். அவையெல்லாம் மடக்கிய நாக்கு அங்கே எழவில்லை. முருகன் கொடுத்த பேச்சைக் குரு ஒரு கேள்வியில் எடுத்துக்கொண்டார். பிறகு குரு அனுப்பியபடி காசிக்குப் போய் மடம் அமைத்தார். அந்த மரபு காவிரிக்கு வடக்கே எங்கள் வட்டத்துத் திருப்பனந்தாளில் காசி மடமாக நிலைத்தது.

சதாசிவ பிரம்மேந்திரரின் கதையும் இதே மாதிரிதான். வாதத்தில் எவரையும் விடமாட்டாராம். உன் வாயை அடக்கவே மாட்டாயா என்று குரு பரமசிவேந்திரர் ஒரு நாள் கேட்டார். அன்றைக்கு மூடிய வாய் பிறகு திறக்கவேயில்லை. கரூரை அடுத்த நெரூரில் அவருடைய சமாதி.

குருவாகப் போற்றப்படும் இன்னும் இருவர் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உண்டு. காவிரியின் வடகரையில் திருவிசநல்லூர் இருக்கிறது. 1693-இல் மராட்டிய மன்னர் ஷாஹஜி பண்டிதர்களுக்குக் கொடையாகக் கொடுத்த ஊர். அங்கே வாழ்ந்த ஸ்ரீதர ஐயாவாள் தினமும் ஆற்றைக் கடந்து எங்கள் மகாலிங்கத்தைக் கும்பிட வருவார். ஒரு கார்த்திகை அமாவாசையன்று சிராத்தத்துக்குச் செய்த சமையலைப் பசியோடு வந்த ஒரு தாழ்த்தப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டார். கங்கையில் குளித்துவிட்டு வந்தால்தான் உண்போம் என்று சொல்லி, சிராத்தத்துக்கு வந்த அந்தணர்கள் எழுந்து போய்விட்டார்கள். அவர் பாட, வீட்டுக் கிணற்றில் கங்கை பொங்கியது என்பது வழக்கு. இன்றும் கார்த்திகை அமாவாசைக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீருக்காக விடியலுக்கு முன்பே வரிசை நிற்கிறது. நானும் நின்றிருக்கிறேன். அந்த வரிசையில் நிற்பவர்கள், தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் முன் அன்று சோறு யாருக்குப் போயிற்று என்பதை ஒரு நிமிஷம் நினைத்தால் நன்றாயிருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

எங்கள் ஊரை அடுத்த கோவிந்தபுரத்தில் போதேந்திர சுவாமிகளின் அதிஷ்டானம். காஞ்சி மடத்து மரபில் 59-ஆவது பீடாதிபதி. நாம செபத்தையே வழியாகச் சொன்ன அவர் 1692-இல் அங்கே அடங்கினார். பிற்காலத்தில் இடம் மறைந்துபோக, மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஆற்று மணலில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போய், ராம நாமம் எழும் இடத்தைக் கண்டுபிடித்தார் என்கிறார்கள். தாம் கண்ணால் காணாத குருவைக் காதால் தேடியவர்.

தீட்சை தராத ஒரு குருவைச் சொல்லாமல் என்னால் இதை முடிக்க முடியாது. திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1815-இல் பிறந்தவர். எங்கள் ஊர் மீது திருவிடைமருதூர் உலா பாடியவர். மகாலிங்கசுவாமி கோயில் திருவாவடுதுறை ஆதீனத்தின் கோயில் என்பதால் அவர் கால் படாத தெரு எங்கள் ஊரில் இருந்திருக்காது. அவருக்குச் சொத்து கிடையாது, கடன் உண்டு. மாணவர்கள் அவர் வீட்டில் சாப்பிட்டுப் படித்தார்கள். சாதியும் மதமும் கேட்கவில்லை. நாகூர் குலாம் காதிறு நாவலர் அவரிடம் பாடம் கேட்டார், கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளை கேட்டார், 1871-இல் மாயூரத்துக்கு வந்து சேர்ந்த உத்தமதானபுரத்து ஸ்மார்த்தப் பிராமணப் பையனும் கேட்டான். அந்தப் பையன்தான் உ.வே. சாமிநாதையர்.

1876 பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் காலமானார். கடைசி நேரத்தில் சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மேல் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருக்க, அவர் கேட்டபடி சாமிநாதையர் திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை வாசித்தார். சைவ மடத்தின் மகாவித்துவான், கிறிஸ்தவச் சீடரின் மார்பில் சாய்ந்து, ஸ்மார்த்தச் சீடரின் வாயால் மாணிக்கவாசகரைக் கேட்டபடி போயிருக்கிறார். சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திரம்' நூலில் அந்தப் பகுதியைப் பத்தாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டும்போது என் குரல் ஒவ்வொரு வருஷமும் உடைந்தது. சாமிநாதையர் அதன் பிறகு சிந்தாமணியையும் பத்துப்பாட்டையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் பதிப்பித்து, ஆசிரியர் காணாத தமிழையெல்லாம் உலகத்துக்குக் காட்டினார். ஆசிரியர் தாண்டாத எல்லையைச் சீடர் தாண்டினார். தாண்டிய பிறகும், தம் 80-ஆம் வயதை ஒட்டி, 1933-இலும் 1934-இலும் ஆசிரியர் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார்.

ஆன்மிகம் பேசுபவர்கள் இப்போது கைபேசியிலேயே வந்துவிடுகிறார்கள். அவர்களில் நல்லவர்களும் உண்டு, அவர்கள் சொல்லித் தேவாரம் படிக்கத் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் குருட்டைப் போக்காத குருவிடம் போய்ச் சேர்ந்து இருவரும் குழியில் விழுவதைப் பற்றித் திருமூலர் திருமந்திரத்தில் வருந்தியதும் இந்த மண்ணில் இருந்துதான். திருவாவடுதுறையை அடுத்த சாத்தனூரில், செத்துக்கிடந்த இடையன் மூலனைச் சுற்றிப் பசுக்கள் கதறியதைத் தாங்க முடியாமல் அவன் உடலில் புகுந்தவர் அவர். பசுக்களின் கண்ணீரைத் துடைக்க வந்து, திரும்பிப் போக முடியாமல் இங்கேயே தங்கி, மூவாயிரம் பாட்டுச் சொன்னவர். பொய்க் குருவைப் பற்றி அவர் அத்தனை வேகத்தோடு பேசியதற்கு அந்த இரக்கமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் துபாயில். மனசு நிலைகொள்ளவில்லை என்றாள். கணினி வழியே தீட்சை தருவதாக ஒருவர் சொல்கிறாராம், பணம் கட்டச் சொல்கிறாராம். "கட்டலாமா டீச்சர்?" என்று கேட்டாள். கட்டாதே என்று நான் சொல்லவில்லை. "அவருக்குத் தீட்சை கொடுத்தது யாருன்னு கேளு. அவருக்கு முன்னாடி யாருன்னும் கேளு. நாளைக்கு நான் வரலைன்னா என்ன ஆகும்னும் கேட்டுப் பாரு" என்றேன். இந்த மூன்றையும் முகம் சுளிக்காமல் கேட்க விடுபவரிடம் போவதில் எனக்குத் தடை இல்லை.

அவள் கைபேசியில் மூன்றையும் குறித்துக்கொண்டாள். தைமாத அசுவதியன்று திருவாவடுதுறையில் ஆதி குரு நமசிவாய மூர்த்திகளின் குருபூசை. ஆடுதுறைக்கு அப்பால் கொஞ்ச தூரம்தான். மகேசுவர பூசை நடக்கும், வித்துவான்கள் பேசுவார்கள், வந்தவர்களுக்குச் சோறு உண்டு. வருகிறாயா என்றேன். பிள்ளைகளையும் கூட்டி வரலாமா என்று கேட்டாள். காலையில் சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும், கூட்டம் அதிகம் இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.